ஐந்து கேம்ஷாஃப்ட்டும் எண்பது பொட்டும்

வேலை முடிந்து ஃப்ரீமான்ட் வீட்டுக்குத் திரும்பிய பசுபதி, கராஜில் வைத்திருந்த ஐந்து கேம்ஷாஃப்ட்களைக் காணாமல் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வரை தேடிவிட்டு, கடைசியில் அவற்றைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கண்டுபிடித்தான். வரிசையாகப் படுத்திருந்தன. குத்துவிளக்குக்குப் போட்டியாகப் பளபளத்தன. ஒவ்வொரு தண்டிலும் துருத்திக்கொண்டிருந்த பதினாறு மூக்குகளிலும் கெட்டியாகச் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

"இதையெல்லாம் யாரு இங்க வெச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு ஆயுதம் வேணாமா? போன வருஷம் உங்க லேப்டாப்ப மட்டும் வெச்சோம். என்ன நடந்துச்சு, ஒண்ணும் நடக்கல" என்றாள் ஷ்யாமளா.

"இவ்ளோ பளபளன்னு எப்படி ஆச்சு?"

"புளி போட்டுத் தேய்ச்சேன். எண்ணெய்ப் பிசுக்கு போகவே இல்ல. அப்புறம் டிஷ்வாஷர்ல ரெண்டு ரவுண்டு விட்டேன்."

பசுபதி மெதுவாக சோபாவில் உட்கார்ந்தான். "ஒவ்வொண்ணுலயும் கலர் கலரா பெயிண்ட் கோடு இருந்துச்சே?"

"ஆமா, அசிங்கமா. அதுக்குத்தான் ரெண்டாவது ரவுண்டு."

கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழன்று வால்வுகளைத் தூக்கித் தூக்கி இறக்கும் இரும்புத் தண்டு. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வரும் நீளத்துக்குச் சற்று அதிகம். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். எது எந்த எஞ்சினுடையது என்று தெரிவதற்காகத் தொழிற்சாலையில் அதன்மேல் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். இந்த ஐந்தும் பசுபதியின் மேனேஜர் டக்ளஸுடையவை. இறந்துபோன அவருடைய மாமாவின் கொட்டகையில் கிடைத்தவை. அவற்றில் ஒன்று, டக்ளஸ் ஆசை ஆசையாகப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் 1969ஆம் வருடத்துக் காருக்குரியது. எது என்று தெரியாது. பெட்டியைப் பசுபதியிடம் ஒப்படைக்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: பெயிண்ட் பத்திரம்.

அவர் ஏன் பசுபதியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றால், பசுபதிக்கு வாய் சும்மா இருக்காது. அவன் வேலை பார்த்தது, பழைய கார்களின் உதிரிபாகங்களை இன்டர்நெட்டில் விற்று உலகத்தை மாற்றப்போகும் ஒரு டாட் காமில். இரண்டாயிரமாவது ஆண்டின் அக்டோபர் வரைக்கும் அது பதினோரு வைப்பர்களை விற்றிருந்தது, ஒன்பது திரும்பி வந்திருந்தன. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது டக்ளஸ் தன் காரைப் பற்றிப் பேச, தானும் மெக்கானிக்கல் எஞ்சினியர்தான், கேம்ஷாஃப்ட்டைக் கையில் எடுத்தாலே ஊர் பேர் சொல்லிவிடுவேன் என்று பசுபதி தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே அறிவித்திருந்தான்.

அவன் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தது உண்மை. 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' தாளை மூன்றாம் முறை எழுதித் தேறியதும் உண்மை. இரண்டாவது உண்மையை அவன் ரெஸ்யூமேயில் சேர்க்கவில்லை. அவன் வாழ்க்கையில் சந்தித்திருந்த ஒரே கேம்ஷாஃப்ட் மூக்கு, டிராயிங் ஷீட்டில் ஹெச் பென்சிலால் அவனே வரைந்தது. அதையும் பக்கத்து பெஞ்ச்சைப் பார்த்துத்தான் வரைந்தான்.

இதெல்லாம் வெறும் பெருமைப் பிரச்சினையாக இருந்தால் தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பசுபதியின் கிரீன் கார்டுக்கான முதல் படிவம் டக்ளஸின் மேஜையில் ஏழு வாரமாகக் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் வக்கீல் அடுத்த அடி வைப்பார். ஹெச்-ஒன் விசாவுக்கு ஆறு வருடம்தான் ஆயுள். அதில் நான்கே முக்கால் கரைந்துவிட்டது. ஷ்யாமளா இயற்பியலில் தங்க மெடல் வாங்கியவள். மனைவிகளுக்கான ஹெச்-ஃபோர் விசாவில் வந்தவள் என்பதால், மவ்ரி அவென்யூ கடையில் கத்தரிக்காய் பொறுக்குவதைத் தவிர வேறெந்த வேலைக்கும் அமெரிக்கச் சட்டம் அவளை அனுமதிக்கவில்லை. படிவத்தைப் பற்றி அன்று, வெள்ளிக்கிழமை காலையில், மெதுவாக நினைவூட்டியபோது, வார இறுதி முடியட்டும், முதலில் அந்தக் கேம்ஷாஃப்ட் என்ன ஆயிற்று என்று பார்ப்போம் என்று சொல்லியிருந்தார் டக்ளஸ்.

அந்த நேரம் பார்த்து டக்ளஸே போன் செய்தார். நாளை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறாராம். கோடுகளைப் பார்த்தாயிற்றா என்று ஆவலாகக் கேட்டார். பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றான் பசுபதி.

போனை வைத்த கையோடு அப்துல் ரஹீமைக் கூப்பிட்டான். கீழக்கரைக்காரர். ஹேவர்டில் பழைய கார்களைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவர். கேம்ஷாஃப்ட்களோடு பதினெட்டு வருடப் பழக்கம்.

"பெயிண்ட் போனா போகுது சார்" என்றார் ரஹீம். "தண்டு நடுவுல வார்ப்புலயே நம்பர் இருக்கும். முனையில எழுத்து அடிச்சிருப்பான். அது ரெண்டும் குடும்பப் பேரு மாதிரி. ஆளு யாருன்னு தெரியணும்னா அளந்துதான் பாக்கணும். இங்க எடுத்துட்டு வாங்களேன், அரை மணி நேரத்துல சொல்லிடறேன்."

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரிடம் ஒரு பி.ஈ. தண்டைத் தூக்கிக்கொண்டு போவதா? பசுபதி பெருந்தன்மையோடு மறுத்துவிட்டான். காலேஜ் நாளிலிருந்து தன்னிடம் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது, தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். சொல்லிவிட்டுத் தேடினால், வெர்னியரும் சரஸ்வதிக்கு முன்னால்தான் இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு.

எடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க. நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"சரி, காலைல எட்டு மணிக்கு முடிச்சுடு."

"எட்டு மணிக்கு எங்க முடியறது, வடை யாரு சுடறது? ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். இங்க டேலைட் சேவிங் வேற. ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். பதினொன்றரைக்கு மேலதான்."

கிரகங்கள்கூட கலிஃபோர்னியா அரசாங்கத்தின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நகர்கின்றன என்பதைப் பசுபதி அன்றுதான் அறிந்தான்.

மறுநாள் பத்து மணிக்குச் சரியாக டக்ளஸ் வந்தார். கையில் மஞ்சள் நிற நோட்டுப் புத்தகம். இருபது வருடம் புரோகிராம் எழுதி மேனேஜரானவர். எதையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. பூஜை அறையின் வாசலில் நின்று, எண்பது மஞ்சள் வட்டங்களையும் அவற்றின் நடுவே எண்பது சிவப்புப் புள்ளிகளையும் வெகுநேரம் பார்த்தார். இவை என்ன என்று கேட்டார்.

பசுபதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூஜை என்றால் டக்ளஸ் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பின்வாங்கி நின்றிருப்பார். ஆனால் பூஜையைச் சொன்னால் கழுவியதைச் சொல்ல வேண்டும். கழுவியதைச் சொன்னால் பெயிண்ட் எங்கே என்பார். பெயிண்ட் எங்கே என்றால் டிஷ்வாஷர் வந்துவிடும். எனவே அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவை அளவை ஆதாரப் புள்ளிகள் என்றான். மஞ்சள், அளக்க வேண்டிய இடம். சிவப்பு, அதன் மையம்.

அப்படியானால் பெயிண்ட்?

நீக்கிவிட்டேன் என்றான். தூரிகை வைத்திருக்கும் எவனும் கோடு இழுக்கலாம். கோட்டை நம்புகிறவன் எஞ்சினியர் அல்ல.

டக்ளஸ் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டு அடிக்கோடும் இட்டார்.

மாடிப்படியில் உட்கார்ந்து கார்ன்ஃபிளேக்ஸ் சீரியல் தின்றுகொண்டிருந்த ஒன்பது வயது மகள் வான்மதி வாயைத் திறந்தாள். "தட்ஸ் ஜஸ்ட் சாண்டல்வுட், மிஸ்டர் டக். இட்ஸ் ஃபார் காட்."

டக்ளஸ் பசுபதியைப் பார்த்தார். பசுபதி மகளைப் பார்த்த பார்வையில் சீரியல் நமத்துப்போயிருக்கும். அவள் குறிப்பிடுவது அந்தப் பொருளின் பெயரை என்று விளக்கினான். சந்தனம் சூட்டிலும் குளிரிலும் அளவு மாறாதது. துல்லிய வேலைக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. டக்ளஸ் சந்தனத்துக்கு எழுத்துக்கூட்டல் கேட்டு எழுதிக்கொண்டார்.

ராகு காலம் முடிய இன்னும் ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. அளக்கும் முன் கோட்பாடு தெளிவாக வேண்டும் என்று பசுபதி அவரை டைனிங் டேபிளில் உட்கார வைத்தான். ஷ்யாமளா சுண்டல் கொடுத்தாள். கோட்பாடு ஏழாவது நிமிடத்தில் தீர்ந்துபோனது. அதன்பிறகு, தரநிலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி எழுந்துபோய், சமையலறை போனில் ரஹீமைப் பிடித்தான்.

"பாய், அந்த மூக்கு உயரத்த என்ன பண்ணணும்?"

"மூக்கு நுனிலேர்ந்து அடிவரைக்கும் ஒரு அளவு. பக்கவாட்டுல அகலம் ஒரு அளவு. மொதல்லேர்ந்து ரெண்டாவதக் கழிங்க. மிச்சம் வர்றதுதான் அது வால்வ தூக்கற தூக்கு. லிஸ்ட்டு எங்கிட்ட இருக்கு, நம்பரச் சொன்னா போதும். அது சரி, நீங்க எஞ்சினியர்தானே சார்?"

"ச்சும்மா, கிராஸ் செக் பண்ணிக்கறேன் பாய்."

டேபிளுக்குத் திரும்பி அதையே ஆங்கிலத்தில், கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொன்னான். டக்ளஸ் ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார். புரியாத இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னார். படம் வரையச் சொன்னார். தன்னிடம் வேலை பார்க்கிறவனிடம் இவ்வளவு பணிவாகப் பாடம் கேட்கும் ஒரு மேனேஜரைப் பசுபதி அதுவரை பார்த்ததில்லை. இந்த நாடு முன்னேறியதற்குக் காரணம் இதுதான் என்று தோன்றியது. அந்த உற்சாகத்தில் ரஹீம் சொல்லாத சிலவற்றையும் சேர்த்துச் சொன்னான்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஷ்யாமளா கற்பூரம் காட்டி, எல்லாவற்றையும் ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தி, எடுத்துக்கொள்ளலாம் என்றாள். "பொட்ட மட்டும் அழிக்காதீங்க. இன்னிக்கு முழுக்க இருக்கட்டும்."

வெர்னியர் மில்லிமீட்டரில் இருந்தது, ரஹீமின் பட்டியல் அங்குலத்தில். அதனாலென்ன, பசுபதி லேப்டாப்பில் பதினான்கு பத்திகள் கொண்ட ஒரு எக்செல் ஷீட்டைத் தயாராக வைத்திருந்தான். முதல் தண்டின் மூக்கைப் பிடித்தான். மஞ்சளும் சிவப்புமாக இருந்த ஆதாரப் புள்ளியின் மேல் வெர்னியரின் தாடையைப் பக்தியோடு பதித்தான். டக்ளஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழித்ததில் ஏழு புள்ளி ஆறு மில்லிமீட்டர். அங்குலத்தில் புள்ளி இரண்டு ஒன்பது ஒன்பது.

சமையலறைக்குப் போனான்.

"புள்ளி ரெண்டு ஒம்பது ஒம்பதா?" ரஹீமின் குரல் மாறியது. "சார், அது சாதாரண ஐட்டம் இல்ல. ரேஸ் ஓட்டறவனுக்குன்னு கம்பெனி தனியா போட்டது. லேசுல கிடைக்காது. நல்லா தொடச்சுட்டுத்தானே அளந்தீங்க?"

"தொடைக்காம அளப்பேனா பாய்."

செய்தியைக் கேட்ட டக்ளஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தண்டை அளந்தான், அதுவும் அபூர்வம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாமே அபூர்வம். மாமா கடைசிக் காலத்தில் தகர டப்பாவில் பீன்ஸ் சூடாக்கிச் சாப்பிட்டார், கொட்டகையில் ஐந்து பொக்கிஷங்களை வைத்துக்கொண்டு என்று டக்ளஸ் தழுதழுத்தார். இன்றே எஞ்சினைத் திறந்து ஒன்றைப் பொருத்தப்போவதாகச் சொன்னார்.

வடைத் தட்டோடு வந்த ஷ்யாமளா எக்செல் ஷீட்டை ஒரு பார்வை பார்த்தாள். "அஞ்சுமே எப்படிங்க அபூர்வமா இருக்கும்? சந்தனத்தையும் சேத்தா அளந்தீங்க?"

அவள் என்ன சொன்னாள் என்று டக்ளஸ் கேட்டார். வடைக்குச் சட்னி வேண்டுமா என்று கேட்கிறாள் என்றான் பசுபதி. தப்பான தண்டு எஞ்சினுக்குள் போனால், முதல் முறை சாவியைத் திருப்பும்போதே படிவமும் கிழியும்.

வான்மதியின் நீச்சல் துண்டை எடுத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு என்று அறிவித்து, ஐந்து தண்டுகளையும் துடைத்தான். ஷ்யாமளாவின் பக்கம் திரும்பவே இல்லை. முதல் தண்டை மறுபடி அளந்தான். ஆறு புள்ளி ஆறு மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர் எங்கே போனது என்று டக்ளஸ் கேட்டார். நியாயமான கேள்வி. பசுபதி சுற்றுமுற்றும் பார்த்தான். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெப்பம் என்றான். விளக்கின் அருகில் இருந்ததால் இரும்பு விரிந்திருந்தது, இப்போது ஆறிவிட்டது.

டக்ளஸ் விளக்கை ஒருமுறை பார்த்தார், பசுபதியை ஒருமுறை பார்த்தார், குனிந்து எழுதிக்கொண்டார்.

"ஒரு மில்லிமீட்டர் விரியறதுக்குள்ள இரும்பு உருகி கார்ப்பெட்ல ஓடிடும்" என்றாள் தங்க மெடல், தமிழில், வடையை வைத்தபடி.

ரஹீமின் பட்டியல்படி ஐந்தில் மூன்றாவது மட்டும் 1969ஆம் வருடத்துக் காருடன் ஒத்துப்போனது. நம்பரும் சரி, முனையில் அடித்திருந்த எழுத்தும் சரி, ஒவ்வொரு மூக்கின் தூக்கும் சரி. அபூர்வம் எதுவும் இல்லை. லட்சக்கணக்கில் செய்த சாதாரணச் சரக்கு. டக்ளஸுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மற்ற நான்கையும் தானே ஒருமுறை அளந்து பார்க்கலாமா என்று கேட்டார். அளந்தார். இரண்டாம் முறை பசுபதியின் உதவி இல்லாமலே அளந்தார். விடைபெறும்போது அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு விஷயம் தெரிந்த மனிதரைத் தான் சந்தித்ததே இல்லை என்றார். பசுபதி அடக்கமாக ஒப்புக்கொண்டான்.

அடுத்த வார இறுதியில் கார் இருமாமல் கிளம்பியது. திங்கட்கிழமை படிவம் காபிக் கோப்பைக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையெழுத்துப் பெற்றது.

அதோடு நிற்கவில்லை டக்ளஸ். கிரீன் கார்டு கேட்பவரின் வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் எவரும் இல்லை என்று காட்டுவதற்காகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டு, எவரும் விண்ணப்பிக்கக் கூடாதே என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது அந்த வட்டாரத்தில் எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் அறிந்த சடங்கு. விளம்பரத்தை வழக்கமாக வக்கீல்தான் எழுதுவார். இந்த முறை நானே எழுதுகிறேன் என்று டக்ளஸ் வாங்கிக்கொண்டார். ஜாவாவில் நான்கு வருடம், டேட்டாபேஸில் மூன்று வருடம், அதோடு அடையாளம் தெரியாத கேம்ஷாஃப்ட்களை அளவுகளைக் கொண்டு இனங்காணும் திறமை. உதிரிபாகம் விற்கும் கம்பெனி என்பதால் வக்கீலாலும் ஆட்சேபிக்க முடியவில்லை. இதற்குப் பொருந்துகிறவன் இந்த நாட்டில் ஒருவனாவது இருப்பானா என்று பசுபதி பூரித்தபோது, அதிகம் போனால் ஒருவன் என்றார் டக்ளஸ்.

பசுபதி விளம்பரத்தை வெட்டி பர்ஸில் வைத்துக்கொண்டான். சான் ரமோனில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிய பொங்கல் பாட்லக்கில் அது கைமாறிக் கைமாறிச் சாம்பார் பட்டது. விளம்பரத்தில் என்ன போட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று அவனிடம் யோசனை கேட்க ஐந்தாறு பேர் பேப்பர் தட்டோடு காத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு துறையில் ஆழ்ந்த ஞானத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுரை சொன்னான். ஷ்யாமளா தன் ரெஸ்யூமேயைத் தூசி தட்டி, நல்ல தாளில் இருபது பிரதி எடுத்து வைத்தாள். கிரீன் கார்டு வந்ததும் எந்த லேபில் சேருவது என்று ஒரு பட்டியலும் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி கடைசியில், பதினோரு வைப்பர் கணக்கு முதலீட்டாளர்களுக்கு எட்டியது. அறுபது பேரில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேனேஜர் என்ற இனமே இனி வேண்டாம், புரோகிராம் எழுதுகிறவர்கள் மட்டும் போதும் என்பது புதுக் கொள்கை. டக்ளஸும் போனார். அவருடைய அட்டைப் பெட்டியைப் பசுபதியே கார்வரை தூக்கிக்கொண்டு போனான். இப்படி நடக்கும் என்று செப்டம்பரிலிருந்தே தெரியும் என்றார் டக்ளஸ், சாவகாசமாக. பசுபதிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போகப்போவது தெரிந்தும் கடைசிவரை என் கிரீன் கார்டுக்காக உழைத்த மனுஷன் என்று ஷ்யாமளாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

மார்ச் இரண்டாம் வாரம் சான் ஹோசே வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அங்கே பேப்பர் வேலைகளைப் பார்க்கும் ராஜலக்ஷ்மி.

"சார், உங்க விளம்பரத்துக்கு ஒரு அப்ளிகேஷன் வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணுதான்."

"வரட்டும் மேடம். ஜாவா தெரிஞ்சவன் தெருவுக்குத் தெரு இருக்கான். கேம்ஷாஃப்ட் தெரியணுமே."

"தெரியும்னு போட்டிருக்கார் சார். ஜாவாவும் இருக்கு, டேட்டாபேஸும் இருக்கு, சிட்டிசன் வேற. எல்லாம் பொருந்துதுன்னா உங்க கேஸ க்ளோஸ் பண்ண வேண்டியதுதான்னு வக்கீல் சொல்றார்."

பசுபதி சிரித்தான். பக்கத்தில் நின்ற ஷ்யாமளாவுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். "எல்லாரும் தெரியும்னுதான் போடுவான் மேடம். ஆள வரச் சொல்லுங்க. நானே உக்காந்து டெஸ்ட் வெக்கறேன், ரெண்டு கேள்வில ஓடிப்போயிடுவான். ஆளு யாரு?"

ராஜலக்ஷ்மி தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க பழைய மேனேஜர் டக்ளஸ்தான் சார், கேம்ஷாஃப்ட்ல பயிற்சி குடுத்தது யாருங்கற இடத்துல உங்க பேரத்தான் எழுதியிருக்கார்."